ரிகர்சலுக்குப் பழைய பேஸ் பாக்ஸ்: தட்டி, அழுத்தி, அளந்து வாங்குவது எப்படி

டிரம் செட், இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு இருக்கும் அறையில் பேஸ் கிட்டார் எடுபட வேண்டுமென்றால், வீட்டில் பழகுவதற்கு வைத்திருக்கும் 30 வாட்ஸ் காம்போ (ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) போதாது. புது பேஸ் கேபினெட்டின் விலையோ கிட்டாரையே விற்க வைக்கும். மிச்சம் இருப்பது பழைய பாக்ஸ்தான், அதில் பயப்படப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மரப்பெட்டி, ஒன்று முதல் நான்கு ஸ்பீக்கர், கொஞ்சம் ஒயர், பின்னால் ஒரு ஜாக், அவ்வளவுதான் சரக்கு. கெடக்கூடிய இடங்கள் ஐந்தாறு. அரை மணி நேரமும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் அத்தனையையும் கண்டுபிடித்துவிடலாம். பின்னால் ஒட்டியிருக்கும் வாட்ஸ் எண்ணையும் முன்னால் ஒட்டியிருக்கும் பிராண்டு பெயரையும் மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள்தான் வீட்டுக்குப் போய் முழிக்கிறார்கள்.

முதலில் ஆம்ப்பின் முதுகைப் பாருங்கள்

பாக்ஸ் தேடக் கிளம்பும் முன் உங்கள் ஆம்ப்பின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஜாக்குக்குப் பக்கத்தில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) என்று அச்சிட்டிருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலும், இப்போது வரும் எடை குறைந்த கிளாஸ் டி ஆம்ப்பிலும் அது பெரும்பாலும் 4 ஓம். சிலவற்றில் 2 ஓம். அந்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் சத்தம் கொஞ்சம் குறையுமே தவிர ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஆம்ப்பில் இரண்டு ஸ்பீக்கர் ஜாக் இருந்தால் அவை உள்ளே பேரலலாக (பக்க இணைப்பில்) இணைந்திருக்கும். 8 ஓம் பாக்ஸ் இரண்டை மாட்டினால் 4 ஓம். 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் 2.67 ஓம். 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஆம்ப்பில் கடைசி இரண்டு சேர்க்கையும் ஆகாது. ஆம்ப் சூடேறி, பாட்டு நடுவில் தானாக அணைந்துவிடும். பாதுகாப்பு சர்க்யூட் சரியில்லாத பழைய ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போகும். வால்வு ஆம்ப்பின் சட்டம் வேறு: அதில் ஓம் செலக்டரை பாக்ஸின் ஓமுக்குச் சரியாகப் பொருத்த வேண்டும், பாக்ஸ் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.

கையில் ஒரே ஒரு பாக்ஸுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 8 ஓம் உள்ளதையே எடுங்கள். நாளைக்கு இன்னொரு 8 ஓம் பாக்ஸ் மலிவாகக் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். "8 ஓமில் முழு பவர் வராதே" என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், 4 ஓமில் 300 வாட்ஸ் தரும் ஆம்ப் 8 ஓமில் 150 முதல் 190 வாட்ஸ்வரை தரும். ஆனால் காதுக்கு அது 2, 3 டெசிபல் வித்தியாசம்தான். டிரம்மர் குச்சியை மாற்றினாலே அவ்வளவு மாறும்.

வாட்ஸ் பற்றி இன்னொரு விஷயம். பாக்ஸின் மேல் இருக்கும் வாட்ஸ், அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் வரும் டெசிபல். பவரை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். ஆகவே 100 டெசிபல் பாக்ஸில் 100 வாட்ஸ் எழுப்பும் சத்தத்தை 94 டெசிபல் பாக்ஸில் எழுப்ப 400 வாட்ஸ் வேண்டும். 800 வாட்ஸ் என்று பெருமையாக எழுதியிருக்கும் மந்தமான பாக்ஸைவிட 300 வாட்ஸ் தாங்கும் சுறுசுறுப்பான பழைய பாக்ஸ் ரிகர்சலுக்கு எவ்வளவோ மேல். மாடல் எண்ணை வைத்து நெட்டில் தேடினால் சென்சிடிவிட்டி கிடைக்கும். 97க்குக் கீழே என்றால் யோசியுங்கள்.

எந்த அளவு

டிரம்ஸ் இருக்கும் குழுவுக்கு 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள நல்ல பாக்ஸ், அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள பாக்ஸ், இவைதான் கீழ்வரம்பு. 97 டெசிபல் உள்ள பாக்ஸுக்கு 250 வாட்ஸ் கொடுத்தால் 1 மீட்டரில் கணக்குப்படி 121 டெசிபல். நடைமுறையில் கீழ் ஸ்வரங்களில் 6 முதல் 10 டெசிபல் கழியும், ஆனாலும் 12க்கு 15 அடி அறைக்கு அது தாராளம். டிரம்மர் கை ஓங்கி அடிப்பவர், கிட்டாரிஸ்ட் இருவரும் டிஸ்டார்ஷன் போடுபவர்கள் என்றால் நாலு பத்துக்கு, அதாவது 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள பாக்ஸுக்குப் போங்கள். கஹோன் என்ற பெட்டி டிரம்மும் அகூஸ்டிக் கிட்டாருமாக ஜெபக்கூட்டத்தில் வாசிக்கும் குழுவுக்கு 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே போதும்.

"பத்து அங்குலத்தில் பேஸ் வராது, பதினைந்துதான் வேண்டும்" என்பது காலம்காலமாகச் சொல்லப்படும் பாதிப் பொய். பேஸின் கீழ் இ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதை முழுதாகக் கொடுக்கும் பாக்ஸ் அரிது. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. ஆம்ப்போடு பிறந்த, 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட பாக்ஸ் ராக் மேடைகளின் அடையாளம். அதன் இன்றைய வடிவமான 810இ பாக்ஸே 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபலும் 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபலும் குறைவாகத்தான் தருகிறது. அதில் பேஸ் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் வரும் மேல்சுருதிகளைக் கேட்டே காது அடிச்சுருதியை நிரப்பிக்கொள்கிறது. ரிகர்சல் அறையில் உங்களை நீங்கள் கேட்பதும் அந்த 80 முதல் 800 ஹெர்ட்ஸ் பகுதியில்தான். ஐந்து கம்பி பேஸ் வாசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கீழ் பி 31 ஹெர்ட்ஸ். சிறிய போர்ட் பாக்ஸில் (காற்று போய்வர ஓட்டை விட்ட பாக்ஸ்) அதை ஓங்கி அடித்தால், சத்தம் வராமலேயே கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) மட்டும் எகிறி ஆடும். காயில், அதாவது கோனை ஆட்டும் கம்பிச்சுருள், அடிபடுவது அங்கேதான்.

எடை. கனமான ஃபெர்ரைட் காந்தம் போட்ட பழைய நாலு பத்து 35 முதல் 45 கிலோ. மாடியில் ரிகர்சல் என்றால் இரண்டு பேர் எப்போதும் வேண்டும். மேலே சொன்ன 810இ 63 கிலோ, 48 அங்குல உயரம். மலிவாக வந்தாலும் அதை யார் தூக்குவது என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். நியோடிமியம் காந்தம் போட்டவை பாதி எடைதான் இருக்கும். ஆனால் பழையதிலும் விலை இறங்காது.

இவற்றைத் தொடாதீர்கள்

மலிவு என்று கண்ணில் படுவதில் பாதி பேஸ் கிட்டாருக்கு ஆகாதவை. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கழித்துவிடும் 18 அங்குல சப்வூஃபர் அதில் முதலாவது. அது 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை செய்யக் கட்டியது. அதில் பேஸ் கிட்டாரை மாட்டினால் எந்த ஸ்வரம் என்றே தெரியாத ஒரு உறுமல் வரும். பேஸ் கிட்டாருக்கு 3, 4 கிலோஹெர்ட்ஸ்வரை வேண்டும். அதே சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கும் 15 அங்குல ஸ்பீக்கரும் ஹார்னும் சேர்ந்த ஃபுல் ரேஞ்ச் பாக்ஸ் வேறு விஷயம். அது ரிகர்சலுக்கு நன்றாகவே உழைக்கும், பேஸ் பாக்ஸ் என்று பெயர் போட்டதைவிட மலிவாகவும் கிடைக்கும். பலர் இதைத் தேடுவதே இல்லை.

12 அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள கிட்டார் கேபினெட்டும் ஆகாது. கிட்டார் ஸ்பீக்கரின் காயில் முன்னும் பின்னும் போக இடம் மிகக் குறைவு. பேஸைக் கொடுத்தால் ஒரே மாலையில் கோன் கிழியும். காருக்கான சப்வூஃபரை மரப்பெட்டியில் போட்டு விற்பதையும் தவிருங்கள். அவற்றின் சென்சிடிவிட்டி 84 முதல் 88 டெசிபல்தான், டிரம்ஸுக்கு முன்னால் வாய் திறக்காது.

எங்கே கிடைக்கும் என்றால்: ஓ.எல்.எக்ஸ்., முகநூலில் இசைக்கருவி விற்கும் குழுக்கள், மூடப்போகும் ஜாம் ரூம்கள், மேடையைப் புதுப்பிக்கும் தேவாலயங்கள், ஏப்ரல், மே மாதங்களில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் கல்லூரிக் குழுக்கள். கடைசி வகைதான் மலிவு. ஹாஸ்டலைக் காலி செய்யும் அவசரத்தில் பேரம் நீளாது.

பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், 9 வோல்ட் சதுர பேட்டரி, டார்ச், நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், உங்கள் பேஸ் கிட்டார், ஸ்பீக்கர் கேபிள், முடிந்தால் உங்கள் ஆம்ப். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஆம்ப்பில் செருக ஆக்ஸ் கேபிளும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது: "அண்ணே, முன்னால இருக்கிற கிரில்லைக் கழற்றிப் பார்க்கலாமா? வாசிச்சுப் பார்க்க கரன்ட் பாயின்ட் இருக்கா?" இதற்கு மழுப்பினால் பெட்ரோலை மிச்சப்படுத்துங்கள்.

மரம்

முதலில் பாக்ஸைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். சென்னையில் வாங்குகிறவர்கள் இதை விடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ பொருட்கள் நனைந்து, காய்ந்து, மறுபடி சந்தைக்கு வந்திருக்கின்றன. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் தண்ணீர் குடித்தால் விளிம்பு உப்பும், பழைய வடிவத்துக்குத் திரும்பாது. மேலே போர்த்திய கறுப்பு ரெக்ஸின் அடியில் மட்டும் குமிழ் விட்டிருந்தாலோ, கார்னர் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து ஓட்டையில் ஆடினாலோ, போர்ட் ஓட்டையில் மூக்கை வைத்தால் ஈர மண் வாசனை வந்தாலோ, அந்த பாக்ஸ் நீரில் நின்றது. பிளைவுட் பாக்ஸ் நனைந்தாலும் ஓரளவு தப்பும், ஆனால் ஸ்பீக்கரின் காயில் ஓடும் இடுக்கில் துரு ஏறியிருக்கும். அதைத் துடைக்க வழியில்லை.

அடுத்தது கரையான், உளு. விரல் மடக்கி நாலு பக்கமும் தட்டுங்கள். நல்ல பலகை ஒரே மாதிரி கெட்டியாக ஒலிக்கும், அரித்த இடம் பொக்கென்று கேட்கும். பாக்ஸ் இருந்த இடத்தில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் உளுத்த மரம். வீட்டில் இருக்கும் கட்டில் பீரோவுக்கும் சேர்த்து விருந்தாளியை அழைத்துப் போகிறீர்கள். எலி, கரப்பான் விஷயமும் உண்டு. போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒட்டிய பஞ்சு குதறப்பட்டிருந்தால் ஒயரையும் கோனின் பின்பக்கத்தையும் கடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

ரெக்ஸின் கிழிசல், உடைந்த கார்னர், ஒடிந்த கைப்பிடி, காணாமல் போன சக்கரம், இதெல்லாம் விலையைக் குறைக்க உதவும் சங்கதிகள், ஓசையைத் தொடாது. அசிங்கமாக இருப்பதே மலிவுக்குக் காரணம் என்றால் அதைவிட நல்ல காரணம் வேறில்லை.

கோனும் காயிலும்

கிரில்லைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கோனையும் டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் மடிப்பு மடிப்பாகத் துணியில் இருந்தால் அது பல பத்தாண்டு தாங்கும் வகை. ஃபோம் என்றால் விரலால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுப்பாகவோ பொடியாகவோ உதிர்ந்தால் ஆயுள் முடிந்தது. ரப்பர் என்றால் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்ட்கி கம்பெனியின் அலுமினியக் கோனில் சின்ன நெளிவு பெரிதாகப் பாதிக்காது, ஆனால் மடிந்த கோடு போல விழுந்திருந்தால் அந்தக் கோட்டிலேயே நாளடைவில் விரிசல் விடும். நடுவில் இருக்கும் தொப்பி உள்ளே அமுங்கியிருப்பது அழகுக் குறைவு மட்டுமே. அதன் ஓரம் பசை விட்டுத் தூக்கியிருந்தால்தான் படபடக்கும்.

இப்போது கை வேலை. இரண்டு கையின் விரல்களையும் தொப்பியைச் சுற்றிச் சமமாக வைத்து, கோனை நேராக 3, 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விடுங்கள். ஒரு பக்கமாகத் தள்ளினால் நல்ல ஸ்பீக்கரே உரசும், வீணாகச் சந்தேகப்படுவீர்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். வெண்ணெயில் கத்தி போவது போலச் சத்தமில்லாமல் போய் வந்தால் சரி. மணல் தாள் தேய்ப்பது போலக் கேட்டால் காயில் காந்தத்தில் உரசுகிறது. சூட்டில் காயில் வீங்கியிருக்கலாம், அல்லது 15 அங்குல கனமான கோன் வருடக்கணக்கில் ஒரே நிலையில் நின்று தொய்ந்திருக்கலாம். தொய்வுதான் காரணம் என்றால் ஸ்பீக்கரைக் கழற்றி 180 பாகை திருப்பி மாட்டினால் பல சமயம் உரசல் போய்விடும். இது தெரிந்தவர்கள் பாதி விலையில் வாங்கிப் போவார்கள். கோன் அசையவே மறுத்தால், பாக்ஸ் கீழே விழுந்து காந்தம் நகர்ந்திருக்கலாம். அதை விட்டுவிடுங்கள்.

போர்ட் இல்லாத, மூடிய பாக்ஸில் நாலு ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால், ஒரு கோனைத் தள்ளும்போது மற்றவை மெல்ல வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. ஜாக் தகடு, கைப்பிடிக் குழி, ட்வீட்டர் (மேல் அதிர்வெண்ணுக்கான சின்ன ஸ்பீக்கர்) விளிம்பு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஜன்னலுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப் பத்து நிமிடத்தில் அதைச் சரிசெய்யும்.

மூக்கும் உதவும். தொப்பிக்குப் பக்கத்திலும் போர்ட்டிலும் முகர்ந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாசனை வந்தால் காயில் கருகிய வரலாறு உண்டு.

மீட்டர் சொல்வது

மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.2 முதல் 0.5வரை இருக்கும். அளவில் அதைக் கழிக்க வேண்டும். ஸ்பீக்கர் கேபிளை பாக்ஸில் மாட்டி, மறுமுனையில் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின் தடை. அது பெயரளவு ஓமைவிடக் குறைவாகவே வரும்.

4 ஓம் பாக்ஸ்: 2.8 முதல் 3.6.
8 ஓம் பாக்ஸ்: 5.5 முதல் 7.
16 ஓம்: 11 முதல் 13.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் கிரில்லைக் கழற்றாமலேயே உள்ளே நடப்பது தெரியும். 8 ஓம் நாலு பத்தில் வழக்கமாக நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள், இரண்டிரண்டாகச் சீரிஸில் (தொடர் இணைப்பில்) சேர்ந்து, அந்த இரண்டு ஜோடிகளும் பேரலலில் இருக்கும். ஒரு காயில் அறுந்தால் அதன் ஜோடியும் ஊமையாகும். மீட்டர் 12 காட்டும். சில பாக்ஸில் பேரலல் ஜோடிகள் சீரிஸில் இருக்கும். அதில் ஒன்று அறுந்தால் மீட்டர் 9 காட்டும், மூன்று பேசும். ஆனால் ஜோடியை இழந்த ஸ்பீக்கர் தன் பங்குக்கு மேல் சுமக்கும், அடுத்துச் சாகப்போவது அதுதான். 8 ஓம் இரண்டு பத்தில் 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டு பேரலலில் இருக்கும். 12 காட்டினால் ஒன்று போய்விட்டது. எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக, 8 ஓம் என்று எழுதியதில் 3 என்று வந்தால், காயில் ஷார்ட் ஆகியிருக்கிறது அல்லது யாரோ வேறு ஓம் ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆம்ப்புக்கு ஆபத்தானது இந்தக் கடைசி ரகம். மீட்டர் எண் தாறுமாறாக ஓடினால் ஜாக் ஆக்ஸிடைஸ் ஆகியிருக்கும். பிளக்கைப் பத்து முறை செருகி எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்து 9 வோல்ட் பேட்டரி. கேபிள் பிளக்கின் நுனியில் பிளஸ்ஸையும் அதன் உலோக உடலில் மைனஸையும் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு எடுங்கள். எல்லாக் கோனும் ஒரே திசையில், வழக்கமாக முன்னோக்கி, துள்ள வேண்டும். ஒன்று மட்டும் எதிர்த்திசையில் போனால் யாரோ ஸ்பீக்கரை மாற்றும்போது ஒயரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கோன்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், பேஸ் காணாமல் போகும். "இந்த பாக்ஸ்ல பேஸே இல்லண்ணே" என்று தள்ளிவிடப்படும் பாக்ஸ்களில் சில இந்த ஒயர் தப்புதான். இரண்டு கிளிப்பை மாற்றிச் செருகினால் உயிர் வரும். எல்லாமே பின்னோக்கிப் போனால் கவலை வேண்டாம், பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்கள் அப்படித்தான்.

மீட்டர் ட்வீட்டரைப் பற்றி எதுவும் சொல்லாது. குறுக்கே கெபாசிட்டர் இருப்பதால் நேர்மின்சாரம் அங்கே போவதில்லை. அதை வாசித்துத்தான் பார்க்க வேண்டும்.

வாசித்துப் பார்ப்பது

விற்பவர் உங்களுக்கு வாசித்துக் காட்டுவதை ரசியுங்கள், நம்பாதீர்கள். மெல்லிய சத்தத்தில், மேல் கம்பிகளில் எந்த நொண்டி ஸ்பீக்கரும் இனிமையாகத்தான் பாடும். ஆம்ப்பின் ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிள்) குமிழ்களை எல்லாம் நடுவில் வையுங்கள். ட்வீட்டர் குமிழ் இருந்தால் அணைத்துவிடுங்கள். ரிகர்சல் சத்தத்தில் பாதி வரும்படி வைத்து, கீழ் இ கம்பியைத் திறந்து அடித்துப் பத்து நொடி நிற்க விடுங்கள். பிறகு எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று ஒவ்வொரு ஃபிரெட்டாக, ஜி கம்பியின் 12வது ஃபிரெட்வரை ஒன்றையும் விடாமல் போங்கள். கோளாறு ஏதோ ஒரே ஒரு ஸ்வரத்தில் ஒளிந்திருக்கும். பாட்டு வாசித்தால் அது நழுவிப்போகும். டோன் ஆப் இருந்தால் 200 ஹெர்ட்ஸிலிருந்து 35வரை மெதுவாக, குறைந்த சத்தத்தில் இறக்குங்கள். இன்னும் துல்லியமாகப் பிடிபடும்.

கரகரவென்று ஸ்வரத்தோடு ஒட்டி வந்தால் காயில் உரசல். ஓங்கி அடிக்கும்போது மட்டும் டக் டக்கென்று கேட்டால் காயில் பின்தகட்டில் இடிக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் போகும், ஆனால் அந்த பாக்ஸின் எல்லை அதுதான் என்று குறித்துக்கொள்ளுங்கள். படபட என்றால் தொப்பி அல்லது கோன் கிழிசல். புஸ்ஸென்று காற்று வந்தால் கசிவு. போர்ட் உள்ள பாக்ஸில் போர்ட்டிலிருந்து கொஞ்சம் வருவது இயல்பு. ஜிர்ர்ரென்று வந்தால் பதறாதீர்கள். கிரில், கைப்பிடி, ஜாக் தகடு, மேலே இருக்கும் ஆம்ப், ஜன்னல் கம்பி என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள். எதைத் தொட்டால் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி, ஒரு ஸ்க்ரூவில் தீரும்.

கடைசியாக ட்வீட்டரைத் திறந்து, கம்பியை விரலால் அறைந்து பாருங்கள். உலோகச் சிலிர்ப்பு வரவில்லை என்றால் போய்விட்டது. பேஸ் பாக்ஸில் முதலில் சாவது அதுவே. ஆம்ப் கிளிப் ஆகும்போது (தன் எல்லையைத் தாண்டி ஒலி முறியும்போது) மேல் அதிர்வெண் பவர் ஏறி அதைக் கொல்லும். ரிகர்சலுக்கு அது இல்லாமலே ஓட்டலாம். ஸ்லாப் (கம்பியை விரலால் அறைந்து) வாசிப்பவர்கள் மட்டும் மாற்றிக்கொள்ளட்டும். விலையில் மட்டும் மறக்காமல் கழியுங்கள்.

அனுமதித்தால் ஒரு ஸ்பீக்கரையாவது கழற்றி முதுகைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே லேபிள், ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு கம்பெனி என்றால் ஓம், சென்சிடிவிட்டி இரண்டும் மாறும். சரியாகப் பகிர்ந்து வேலை செய்யாது. லேபிள் இல்லாமல், தொப்பியைச் சுற்றிப் பசை வழிந்து, கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் மட்டும் புதிதாக இருந்தால் கோன் மாற்றி, காயில் கட்டியது. நம் ஊர்க் கைவினைஞர்கள் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கிடைத்த கோனைப் போட்டால் அதன் எடையும் இறுக்கமும் மாறி, பெட்டியின் அளவோடு ஒத்துப்போகாமல் போகும். வாசித்துப் பார்த்து நன்றாக இருந்தால் வாங்கலாம், ஒரிஜினல் விலை கொடுக்க வேண்டியதில்லை. பீவி கம்பெனியின் பிளாக் விடோ ஸ்பீக்கர் மாட்டிய 15 அங்குல பாக்ஸ் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் காந்தத்தை போல்ட் கழற்றிப் பிரித்து, கோன் கூடையை மட்டும் மாற்றலாம்.

விலையும் ரிப்பேரும்

நல்ல நிலையில் இருக்கும் பாக்ஸுக்கு இன்றைய புது விலையில் பாதி என்பது உச்சம். விற்பவர் வாங்கிய காலத்து பில் உங்களுக்குக் கணக்கில்லை. ஒரு ஸ்பீக்கர் போயிருந்தால், அதே மாடல் புது ஸ்பீக்கர் விலையை முழுதாகக் கழியுங்கள். காயில் கட்டும் கூலியை மட்டும் கழிக்க விற்பவர் சொல்வார். பார்க்கப் போவதற்கு முன்பே சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ஸ்பீக்கர் ரிப்பேர் கடையிலோ அந்தக் கூலியை விசாரித்து, ஒரு எண்ணோடு போனால் பேரம் சுருங்கும். கடையில்கூட அவசரப்பட வேண்டாம்: பேஸ் பாக்ஸ் வாங்க ஆள் குறைவு. இன்றைக்கு விற்காதது அடுத்த மாதம் இன்னும் மலிவாக அங்கேயே இருக்கும்.

காகிதக் கோனில் ஒரு அங்குலத்துக்குள் கிழிசல் என்றால் நீங்களே ஒட்டலாம். தண்ணீர் கலந்த ஃபெவிகால், மெல்லிய டிஷ்யூ காகிதம். கிழிசலின் இரு பக்கமும் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். விளிம்பு வளையத்தில் கிழிந்தால் ஃபெவிபாண்ட் போல வளைந்து கொடுக்கும் ரப்பர் பசை வேண்டும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். கல் மாதிரி இறுகி, அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும். கார்னர் நொறுங்கி ஸ்க்ரூ பிடிக்காத ஓட்டைக்கு எம்-சீல்.

வீட்டுக்கு வந்த பிறகு

நாலு பத்தை ஆட்டோவில் ஏற்றுமுன் அகலத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள், ஆட்டோவில் நுழையாது என்றால் குட்டியானைதான். கிரில் பக்கம் எதிலும் முட்டாமல் மேலே பார்த்தோ நிமிர்ந்தோ போகட்டும்.

ஆம்ப்பையும் பாக்ஸையும் கிட்டார் கேபிளால் இணைக்காதீர்கள். உள்ளே ஓடும் கம்பி தலைமுடி கனம். சூடாகி உருகி ஷார்ட் ஆனால் போவது ஆம்ப். 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயரில் இரண்டு பிளக் வைத்துக் கட்டினால் நூறு வருடம் வரும். கால் அங்குல பிளக் என்றால் ஆம்ப்பை அணைத்துவிட்டுச் செருகுங்கள், செருகும் நொடியில் முனைகள் ஒன்றையொன்று தொடும். ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் பிளக்) சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ரிகர்சலில் "எனக்கு என் சத்தமே கேட்கவில்லை" என்று பேஸ் குமிழைத் திருகுவதுதான் பழைய பாக்ஸைக் கொல்லும் வழக்கமான வழி. 12 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியில் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள். முதலில் மிட் குமிழை ஏற்றுங்கள். பாக்ஸை மூலையிலிருந்து இரண்டடி இழுங்கள், உறுமல் தெளியும். பிறகு முன்பக்கம் ஒரு கட்டையைச் செருகி முகத்தை மேலே சாய்த்து வையுங்கள், அல்லது நாற்காலி உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்காலுக்குக் காது இல்லை என்பதால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இரண்டு பத்தை ஒன்றன் மேல் ஒன்றாக ஸ்பீக்கர் வரும்படி நிமிர்த்தி வைத்தால் பக்கவாட்டில் நிற்கும் டிரம்மருக்கும் கீபோர்டுக்கும் ஒரே மாதிரி கேட்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு வைக்காதீர்கள். இரண்டிரண்டு செங்கல்லை அடுக்கி மேலே தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, ஜாக்கும் காந்தமும் துருப்பிடிக்கும்.